எட்டு பத்துக்கு ஒரு பாட்டு

சரியாக எட்டு பத்துக்குக் கீபோர்டின் சத்தத்தைக் கூட்டினேன்.

காலை ஜெபம் முடிந்ததும் எங்கள் வீட்டில் பாட்டுப் பாடம். எங்கள் பாட்டுப் புத்தகத்தில் மெல்லிய பாட்டுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அந்த நேரத்துக்கு மட்டும் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற பாட்டாகத்தான் எடுப்பேன். எதிர்ப்பக்கம் பள்ளிக்கூட வண்டி வந்து நிற்கும் நேரம் அது. அந்த ஹாரன் பிள்ளைகள் காதில் விழ வேண்டாமே.

மகளுக்கு ஒன்பது வயது. அவள் தம்பிக்கு ஆறு.

தம்பி தொண்டை கிழியப் பாடுவான். அவள் உதட்டை மட்டும் அசைப்பாள். கண் ஜன்னலில் இருக்கும்.

இரண்டு பேரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. வரலாறு, பாட்டு, படம், கணக்கு எல்லாமே இந்தச் சாப்பாட்டு மேஜையில்தான். சுவர் முழுக்க வெள்ளைத் தாளில் காலக்கோடு ஒட்டியிருக்கிறேன். செருப்பு அலமாரிக்கு மேலே சிருஷ்டிப்பு. குளியலறைக் கதவோரம் பெருவெள்ளம். ராஜாக்கள் எல்லாரும் ஃபிரிட்ஜைச் சுற்றி. ஒரு ராஜாவின் பெயரைச் சொல்லாமல் யாரும் ஃபிரிட்ஜைத் திறக்கக் கூடாது. என் வீட்டுக்காரருக்கும் அதே சட்டம்தான். அவர் பலே ஆள், வருடக்கணக்காக ஒரே ராஜாவை வைத்தே காலத்தை ஓட்டுகிறார்.

ஏன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் மூளைக்கு ஏறிப் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் ஆண்டவரிடம் நேர்ந்துகொண்டு பொருத்தனை செய்தேன். அவள் பிழைத்தாள். அதனால் பிள்ளைகளுக்கு வீட்டில்தான் படிப்பு.

பொருத்தனை என்றதும் யாரும் அதற்கு மேல் வாய் திறக்க மாட்டார்கள்.

நேற்று வீட்டுக்காரர் திறந்துவிட்டார். மகளுக்கான சேர்க்கைப் படிவத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அவர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. என்னுடையது பாக்கி. இன்று மாலைக்குள் பள்ளியில் கொடுக்க வேண்டும்.

"பொருத்தனை பண்ணது நீ. ஸ்கூலுக்குப் போகணும்னு ஏங்குறது அவ," என்றார்.

பாத்திரம் கழுவப் போனேன். கழுவி வைத்ததையே எடுத்து மறுபடியும் கழுவினேன்.

பாட்டு முடிந்ததும் படப் பாடம். ஒரு படத்தை ஐந்து நிமிடம் பேசாமல் பார்க்க வேண்டும். பிறகு நான் அதைக் கவிழ்த்துவிடுவேன். மனதில் நின்றதை அவர்கள் வரைய வேண்டும். இன்றைய படம், காணாமல் போன ஆட்டை மலைச்சரிவில் தேடும் மேய்ப்பன்.

தம்பி வரைந்தது ஆடா தலையணையா என்று அவனுக்கே சந்தேகம். நாலு கால் போட்டுத் தீர்த்துவைத்தான்.

மகளின் தாளில் ஆடும் இல்லை, மேய்ப்பனும் இல்லை.

பள்ளிக்கூட வண்டி இருந்தது.

ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம். ஒருத்திக்கு இன்னொருத்தி சடை பின்னுகிறாள். ஒரு பையன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். ஒருத்தன் முழங்கால்மேல் நோட்டை வைத்து அவசர அவசரமாக வீட்டுப்பாடம் எழுதுகிறான். பின்கண்ணாடியில் யாரோ விரலால் போட்ட கோலிக்குண்டுக் கண் முகம்கூட இருந்தது. ஐந்து நிமிடத்தில் பார்த்தது இல்லை இது. எத்தனையோ மாதமாகப் பார்த்தது.

திட்டத்தான் வாயெடுத்தேன். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, திட்டு வாங்கத் தயாராகக் கையைக் கட்டிக்கொண்டாள்.

டிரைவருக்குப் பின்னால் முதல் ஜன்னல் மட்டும் வெறுமையாக இருந்தது.

"இங்க ஏன் யாரையும் வரையல?"

"அங்க யாரும் உக்கார மாட்டாங்கம்மா. பையெல்லாம் போட்டு வெச்சிருப்பாங்க."

பையா?

அது பாட்டு டீச்சரின் இடம், என் இடம். ஆறு வருடம் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன். நான் முன்கம்பியில் தாளம் தட்ட, பின்னாலிருந்து நாற்பது பிள்ளைகள் பாட, சிக்னலில் நிற்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். இவளுக்குத் தெரியாது. நான் கடைசியாக அதில் போனபோது இவள் தவழக்கூட ஆரம்பிக்கவில்லை.

ஆஸ்பத்திரி மாடிப்படியில் முழங்காலில் நின்று நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். ஆண்டவரே, இவளைத் திருப்பித் தாரும், எனக்கு உயிராக இருக்கிற இந்த வேலையை விட்டுவிடுகிறேன்.

அவர் தந்தார். நான் விட்டேன்.

அந்தப் பொருத்தனையில் இவள் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எனக்கென்று ஒரு வகுப்பாவது மிஞ்சட்டும் என்று நானாகச் சேர்த்துக்கொண்டது அது. சொல்லிச் சொல்லி நானே அதை நம்பியும்விட்டேன்.

மனசு மாறுவதற்குள் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

இனி என் வகுப்பில் ஒரு பிள்ளைதான்.