கூழைக்கடா விழுங்கியது

குழந்தைகளுக்கான கதைகளில் ஒரு நல்ல வார்த்தைகூடக் கிடைக்காதவள் சித்தி. தேவதைக்கு உண்டு, குரங்குக்கு உண்டு, மனந்திருந்திய திருடனுக்கும் உண்டு. இரண்டாம் தாரமாக வந்தவளுக்கு மட்டும் கிடையாது.

ஷீஜா அப்படி வந்தவள். சத்தியநேசனின் முதல் மனைவி இறந்த பிறகு அந்த வீட்டுக்கு வந்தாள். வீட்டில் ஏழு வயது ஸ்மைலின் இருந்தாள். ஸ்மைலினோடு ஒரு பழைய நைட்டியும் இருந்தது. செத்துப்போன அம்மாவுடையது, பூப்போட்டது, கழுத்துப் பக்கம் கிழிந்தது. அது கையில் இல்லாமல் பிள்ளை உறங்குவதில்லை.

"அம்மா என்று கூப்பிடப் பழக்கு, அப்போதுதான் பிள்ளை ஒட்டும்" என்று ஷீஜாவுக்கு ஓதியவள் சத்தியநேசனின் அக்கா தங்கபாய். ஷீஜாவும் விடாமல் பழக்கிப் பார்த்தாள். ஸ்மைலின் அவளை எப்படியுமே கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமானால் வெறும் டம்ளரைக் கொண்டுவந்து நீட்டுவாள்.

இந்த நிலையில்தான் 'விட்டாச்சு' நிகழ்ச்சி கோட்டாற்றுக் கல்யாண மண்டபம் ஒன்றுக்கு வந்தது. தொலைக்காட்சியில் வாராவாரம் வரும் அதே நிகழ்ச்சி. கூழைக்கடாப் பறவை வேடமிட்ட மாமா மேடையில் நிற்பார். பால்புட்டியை விட முடியாத பிள்ளை புட்டியை அவருடைய அலகுக்குள் போட்டு, "விட்டாச்சு" என்று மைக்கில் சொல்ல வேண்டும். மாமா விழுங்கிவிடுவார். விழுங்கியது திரும்பி வராது என்பது நிகழ்ச்சியின் சட்டம்.

ஷீஜா இரண்டு டிக்கெட் எடுத்தாள். தங்கபாய் தனக்கென்று ஒன்று எடுத்துக்கொண்டாள். பறவைமேல் அவளுக்குப் பிரியம் ஏதுமில்லை, காவலுக்கு வந்தாள்.

காவல் வீண்போகவில்லை. ஷீஜாவின் மடியிலிருந்த ஜவுளிக்கடைப் பையிலிருந்து நைட்டியின் ஓரம் எட்டிப்பார்த்ததைத் தங்கபாய் கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த இருக்கைக்காரி பிந்துவிடம், அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தவளிடம், குடும்பக் கதை முழுவதையும் சொல்லி முடித்தாள்.

"செத்தவளுக்க துணியைக் கொண்டு வந்திருக்கா, கண்டியா? அந்தப் பறவைக்க வாயில போடதுக்காக்கும். பிள்ளைக்க மனசில இருந்து அவளைத் துடைச்சுத் தள்ளதுக்கு."

பிந்து நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். இப்படியும் பெண்கள் உண்டா என்று கேட்டாள். அதற்குள் அவள் மகன் அனிஷ் மேடையேறி, செல்போன் பார்ப்பதை விட்டுவிட்டதாக அறிவித்துக்கொண்டிருந்தான். அந்தக் காட்சியைப் பிந்து தன் செல்போனில்தான் பார்த்தாள்.

அடுத்து ஸ்மைலினின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் நடந்தாள். ஷீஜா கூடவே போனாள். தங்கபாய் எழுந்து, மறைக்கிறது என்று பின்னாலிருந்தவர்கள் சொன்னதையும் பொருட்படுத்தாமல், நடைபாதையில் நின்றுகொண்டாள். துணி அலகுக்குள் போனால் மேடையேறிப் பறவையின் வயிற்றைக் கிழிக்கும் உத்தேசம் அவள் முகத்தில் தெரிந்தது.

"ஸ்மைலின் குட்டி, நீங்க எதை விடப்போறீங்க?" என்றார் கூழைக்கடா மாமா, அலகைத் திறந்து.

ஸ்மைலின் பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். மண்டபத்துப் பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் "விட்டாச்சு, விட்டாச்சு" என்று கைதட்ட ஆரம்பித்தார்கள். ஸ்மைலினின் உதடு கோணியது. அத்தனை பேர் சொல்லும்போது அவள் ஒருத்தி என்ன செய்வாள்? கை மெல்லப் பைக்குள் போனது. நைட்டியின் கை வெளியே வந்தது.

ஷீஜா குனிந்து, வெளியே வந்த துணியை உள்ளே தள்ளி, பையின் வாயை முடிச்சுப் போட்டு, பிள்ளையின் கையிலேயே கொடுத்தாள். பிறகு மைக்கை வாங்கினாள்.

"இவ ஒண்ணும் விடல்ல, மாமா. விடதுக்கு வந்தது நானாக்கும்."

மண்டபம் சிரித்தது. பெரியவர்களுக்கு என்ன செய்வது என்று மாமாவுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அலகு திறந்தபடியே நின்றது.

"வந்த நாள்ல இருந்து, அம்மான்னு கூப்பிடு, அம்மான்னு கூப்பிடுன்னு இந்தப் பிள்ளையைப் போட்டு நச்சரிச்சிட்டு இருந்தேன். இவளுக்கு அம்மா உண்டு. இனிமே கேக்க மாட்டேன். விட்டாச்சு."

போடுவதற்குப் பொருள் ஏதும் இல்லாததால், வெறுங்கையை அலகுக்குள் முழங்கைவரை விட்டு எடுத்தாள். மாமா விழுங்கினார். சிரித்தவர்களில் பலர் கைதட்டுவதா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை, தட்டினார்கள்.

கீழே இறங்கியவளைத் தங்கபாய் வழிமறித்தாள். தோற்றுப்போனவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு வேண்டுமல்லவா?

"பின்ன அந்தத் துணியை என்னத்துக்குக் கொண்டு வந்த?"

"பிள்ளை மேடை ஏறுதத அவளுக்க அம்மையும் பார்க்கண்டாமா, மைனி?"

தங்கபாய் விலகி வழிவிட்டாள்.

இது நடந்தது போன வருடம். ஸ்மைலின் இன்றுவரை அவளை அம்மா என்று கூப்பிட்டதில்லை. ஷீஜா என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். வளர்க்கிறவளுக்கு ஒரு மரியாதை இல்லையா என்று தங்கபாய் போகிற இடமெல்லாம் சொல்லித் திரிகிறாள். போன வாரம் சைக்கிளிலிருந்து விழுந்து பிள்ளைக்கு முட்டி பெயர்ந்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் "அம்மா" என்று அலறுகிற அந்த இடத்தில், ஸ்மைலின் "ஷீஜா" என்று அலறினாள்.