தேய்ந்த ஷூ

இரட்டை டியூட்டி பார்ப்பவனுக்கு ஓட ஏது நேரம் என்று ஏட்டு சுடலைமுத்துவும் ஏட்டு அருளப்பனும் சேர்ந்தேதான் சொல்லி வந்தார்கள். டீக்கடையில் வடை தின்றதும் சேர்ந்துதான். மைதானத்தைச் சுற்றி ஓடி முடிக்காதவர்களை மலைச் செக்போஸ்ட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று இன்ஸ்பெக்டர் மிரட்டியபோது, "ரெண்டு தொப்பையும் பாதியில உக்காந்துட்டா அவரு என்னடே செய்வாரு? ஸ்டேஷன யாரு பாக்கது?" என்று சிரித்தவர் அருளப்பன்தான். படுக்கையில் கிடக்கும் மனைவியை விட்டுவிட்டு மலைக்குப் போக முடியாத சுடலைமுத்து அந்தப் பேச்சைத்தான் நம்பியிருந்தார்.

ஓட்டத் தேர்வு நாளன்று மைதானத்தில் விசில் ஊதினார்கள். பாதிச் சுற்றிலேயே சுடலைமுத்துவுக்கு முழங்கால் மடங்கியது. "மாப்ளே, உக்காருடே" என்றபடி தரையில் உட்கார்ந்தார். அருளப்பன் காதில் வாங்காமல் முன்னே ஓடினார். கால் தூக்கும்போதெல்லாம் அவருடைய கேன்வாஸ் ஷூவின் அடிப்பாகம் தெரிந்தது. இருவருக்கும் ஒரே நாளில் கொடுத்த ஷூ. சுடலைமுத்துவினுடையது இன்றைக்குத்தான் பெட்டியை விட்டு வெளியே வந்தது. அருளப்பனுடையது அடியில் ஒரு வரிப்பள்ளம்கூட மிச்சமில்லாமல் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

ஓடி முடித்த அருளப்பன் தண்ணீர் பாட்டிலோடு வந்து நீட்டினார். பெரிதாக மூச்சுகூட வாங்கவில்லை.

"எப்ப இருந்துடே?" என்று மட்டும் கேட்டார் சுடலைமுத்து.

அருளப்பன் பாட்டிலைத் தரையில் வைத்தார். குனிந்து, நன்றாகக் கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து, மறுபடியும் கட்டத் தொடங்கினார்.