மூங்கிலாற்றின் உயிர்ச்சான்று

மூங்கிலாறு சட்டப்படி ஓர் ஆள். ஓய்வூதியக்காரர்களைப் போல அதுவும் ஆண்டுக்கொரு முறை உயிரோடிருப்பதைக் காட்டியாக வேண்டும். சித்திரையில் அதிகாரி வந்து நிற்கும்போது எல்லைக்கல்லைத் தாண்டி ஐந்து நிமிடம் நீர் ஓடாவிட்டால், கையோடு இறப்புச் சான்றிதழ்தான். மறுநாளே அது பிறக்கும் மலையை உடைக்கக் குவாரிக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

ஆற்றுக்குக் காப்பாளராக ஊர் நிறுத்தியிருந்த குப்பாயிக்கு இது ஒன்பதாவது சித்திரை. ஆற்றை ஆளாக்க வழக்காடி வாங்கிய வெற்றி இப்படி இடுப்பை ஒடிக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? ஆறு காய்ந்துதான் கிடந்தது. மேலே, பாறை மறைவில், ஊரே வீட்டுத் தண்ணீரைக் குடம் குடமாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

எல்லைக்கல்லருகே அதிகாரி பார்த்துக்கொண்டிருக்க, நாலாவது நிமிடம் நீர் மெலிந்தது.

"என்னம்மா, நின்னுருச்சா?" என்றார் அதிகாரி.

"இல்லைங்க சார், மூச்சு வாங்குதுங்க," என்றாள் குப்பாயி.

அதற்குள் மறுபடி ஓடி வந்தது, கலங்கலாக, வெள்ளையாக. கூடவே சோற்றுப் பருக்கைகளும் மிதந்து வந்தன. பாவி, பக்கத்து வீட்டு வீராயி நீராகாரப் பானையையே கவிழ்த்துவிட்டாள்!

அதிகாரி பருக்கைகளைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். 'உயிரோடு உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த வருசம் வடிகட்டி ஊத்தச் சொல்லும்மா," என்றார் மெதுவாக.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அடுத்த வருசம் என்றதும் குப்பாயி ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.