எட்டுப் படி எண்ணெய்

"வர்ற ஞாயித்துக்கிழமை சம்சாரத்தோட வர்றேன். புதிரை நேர்லயே போட்டுக்கலாம்" என்று திண்டிவனத்திலிருந்து ராஜாங்கம் கார்டு போட்ட நாளிலிருந்து, விழுப்புரம் கூட்ஸ் கிளார்க் தேவநாதனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மூன்று வருஷமாகக் கார்டிலேயே புதிர் போட்டு, கார்டிலேயே விடை எழுதி வந்த சிநேகிதர்கள்.

ராஜாங்கம் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே ஆரம்பித்துவிட்டார். "எட்டுப் படி மல்லாட்டை எண்ணெய் இருக்குது. அஞ்சு படிப் பாத்திரம் ஒண்ணு, மூணு படிப் பாத்திரம் ஒண்ணு. வேற அளவு கிடையாது. சரிபாதியா பிரிச்சிக் குடு, பார்க்கலாம்!"

"இரு, தண்ணி குடிச்சிட்டு வர்றேன்."

"இப்பதானய்யா ரெண்டு சொம்பு குடிச்ச?"

தேவநாதன் சமையல்கட்டுக்கு ஓடினார். இதுவரை அவர் எழுதியனுப்பிய விடை அத்தனையும் மனைவி தைலம்மாள் சொன்னதுதான். ஆனால் இன்றைக்கு அவள் பக்கத்தில் ராஜாங்கத்தின் மனைவி பவுனு உட்கார்ந்திருந்தாள். எப்படிக் கேட்பது? சொம்பை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

பவுனு எழுந்து நின்றாள்.

"அக்கா யோசிச்சிக்கினு இருக்காங்க. நீங்க தைரியமா போயி உக்காருங்கண்ணே. விடைய அவருக்கும் நான் இன்னும் சொல்லல."