சந்தேகம் டீச்சர்

"டாக்டர், இன்னும் ஒரே ஒரு சந்தேகம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசி வரிசையில் என் பக்கத்து நாற்காலிக்காரி மறுபடியும் எழுந்து நிற்கிறாள்.

பிள்ளைகளின் மனநலம் பற்றி ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. அதுவும் லீவு நாளில், ஆஸ்பத்திரி மாடி ஹாலில். சர்டிஃபிகேட்டை வாங்கிக்கொண்டு ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும். இவளானால் மத்தியானத்திலிருந்து சவ்வாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

எந்தப் பள்ளிக்கூடமோ, முதல் நாள் பார்த்த ஞாபகமே இல்லை. எங்களுக்கெல்லாம் கொடுத்த பையும் பேனாவும்கூட அவளிடம் கிடையாது. இரண்டாம் நாள் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆடி அசைந்து வந்தால் எப்படிக் கிடைக்கும்? வந்ததுதான் தாமதம், கேள்வி மேல் கேள்வி. எங்கள் பி.டி. மாஸ்டர் அதற்குள் 'சந்தேகம் டீச்சர்' என்று பெயரே வைத்துவிட்டார்.

"கேளுங்கம்மா," என்றார் டாக்டரம்மா. பாடம் நடத்துகிறவருக்காவது அலுக்க வேண்டாமா?

"எங்க கிளாஸ்ல ஒரு பையன்னு சொன்னேனே டாக்டர். ஒன்பதாவது படிக்கிறவன்."

"ஞாபகம் இருக்கு. சொல்லுங்க."

"ராத்திரி பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழறான். தண்ணி சத்தத்துல யாருக்கும் கேக்காதுன்னு நினைச்சுக்கறான். அப்புறம் மூஞ்சியைக் கழுவிட்டு வந்து, ஒண்ணுமில்லன்னு சிரிக்கறான். அந்த நேரத்துல கதவைத் தட்டலாமா, கூடாதா?"

"தட்டலாம். ஆனா திற திறன்னு சொல்லாதீங்க. 'நான் வெளியதான் இருக்கேன்'னு சொல்லிட்டு கதவுகிட்டயே உட்கார்ந்துக்குங்க. அவன் எப்ப வர்றானோ வரட்டும்."

"திட்டக் கூடாது இல்ல?"

"திட்டாம இருந்தா நல்லது. ஏற்கெனவே திட்டியிருந்தாலும் மனசைப் போட்டு உழப்பிக்காதீங்கம்மா. எல்லாரும் செய்யறதுதான்."

போச்சு, கதாகாலட்சேபமே ஆரம்பித்துவிட்டது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எனக்கு முன் வரிசையிலிருந்து பி.டி. மாஸ்டர் திரும்பி, என் பக்கம் குனிந்து, "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்க்கறாங்க டீச்சர். அவங்க பிள்ளை தானா வளர்ந்துடும்," என்றார். நான் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவள் உட்கார்ந்தாள். அப்பாடா என்று நான் பையை எடுத்து மடியில் வைத்ததும், திரும்பவும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

இனி பொறுக்க முடியாது என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"போதும் மேடம். அவன் என்ன நீங்க பெத்த பிள்ளையா? ஸ்கூல் பிள்ளைங்க ஒவ்வொண்ணுக்கும் இப்படி உருகிட்டிருந்தா நாம குடும்பம் நடத்த வேண்டாமா? எல்லாருக்கும் பஸ்ஸுக்கு நேரமாச்சு, உட்காருங்க."

அவள் என்னையே பார்த்தாள். "மன்னிச்சுக்குங்க," என்று உட்கார்ந்துவிட்டாள்.

"என்னவோ கேக்க வந்தீங்களே?" என்றார் டாக்டரம்மா, மேடையிலிருந்து.

"ஒண்ணுமில்ல டாக்டர்," என்று சிரித்தாள்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. 'பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லாததையும் காதுகொடுத்துக் கேட்பேன்' என்று எல்லாரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தோம். வரிசையில் போய் சர்டிஃபிகேட் வாங்கினோம். திரும்பி வந்தபோது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. விட்டது சனி என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முன் டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளப் போனேன்.

"கிளாஸ் பிரமாதம் டாக்டர். அந்த மேடம்தான் எல்லாரையும் ஒரு வழி பண்ணிட்டாங்க. விட்டா ராத்திரி வரைக்கும் கேட்டிருப்பாங்க. கடைசியில நான்தான் கையைப் பிடிச்சு உட்கார வெச்சேன்."

நன்றி சொல்வார் என்று பார்த்தால், அவர் முகம் மாறிவிட்டது. கண் ஹாலை ஒரு சுற்று சுற்றி வந்தது.

"அவங்க எங்க?"

"போயிட்டாங்க போல."

"பேரு, ஊரு, ஏதாவது தெரியுமா?"

"தெரியாதே. எந்த ஸ்கூல்னுகூடக் கேக்கலை."

"அவங்க டீச்சரே இல்லம்மா." டாக்டரம்மாவின் குரல் தணிந்துவிட்டது. "ராத்திரியில குழாய்ச் சத்தத்துக்கு நடுவுல ஒரு பையன் அழறது எந்த டீச்சருக்குக் கேக்கும்? பெத்தவளுக்குத்தான் கேக்கும். கீழே என்னைப் பார்க்கத் தேதி கிடைக்கவே மாசக்கணக்காகுது. அதான் மேலே வந்து உங்களோட உட்கார்ந்துட்டாங்க. எனக்கு முதல் கேள்வியிலயே புரிஞ்சுபோச்சு. நாலு பேருக்கு நடுவுல 'உங்க பிள்ளையா'ன்னு நான் கேட்டா கூசிப்போவாங்கன்னுதான் உங்களை எல்லாம் காக்க வெச்சு, பொறுமையா பதில் சொல்லிட்டிருந்தேன். முடிஞ்சதும் தனியா கூப்பிட்டுப் பேசலாம்னு இருந்தேன்."

பி.டி. மாஸ்டர் வாசலில் நின்று, பஸ் வந்துவிட்டது என்று கையைக் காட்டினார்.

டாக்டரம்மா விறுவிறுவென்று படிக்கட்டுப் பக்கம் போனார். எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, என் எதிரே நின்றார்.

"கடைசியா ஒண்ணு கேக்க எழுந்தாங்களே, அது என்னன்னு பக்கத்துல இருந்த உங்களுக்காவது தெரியுமா டீச்சர்?"