மாமன் முறை

நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் கூட வேலை பார்க்கும் நண்பர்களோடு பாங்காக் போன செந்தில்நாதன், அந்த ஊர்ப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவில் சிக்கிக்கொண்டான். தெருவெல்லாம் வாளியும் கூச்சலுமாக இருந்தது. ஒருத்தி அவனைத் தலையோடு நனைத்து, கன்னத்தில் வெள்ளைச் சாந்து பூசினாள். ஊரில் முறைக்காரர்கள் மீதுதானே மஞ்சத்தண்ணி ஊற்றுவார்கள்?

"நான் என்ன உனக்கு மாமன் முறையா?" என்று தமிழிலேயே கேட்டுச் சிரித்தான்.

அவள் சிரிக்காமல், ஆமாம் என்பதுபோல் தலையாட்டினாள்.

நெய்வேலிக்குத் திரும்பியபோது, குவார்ட்டர்ஸ் வாசலில் படிந்திருந்த கரித்தூளில் ஈரக் காலடிகள் உள்ளே போயிருந்தன. கதவைத் திறந்த மனைவி புவனாவின் கன்னத்தில் வெள்ளைச் சாந்து.

"உங்க அத்தை பொண்ணு வந்திருக்காங்க. பாப்பாவுக்குத் தண்ணி ஊத்திக்கினு இருக்காங்க."

அவனுக்கு அத்தையே கிடையாது.

குளியலறையில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. தலையில் ஒரு சொட்டுப் பட்டாலே வீறிடும் குழந்தையின் சத்தத்தைக் காணோம்.