வாப்பா பேசிய அம்மான் பேச்சு

வாப்பாவை எங்க நாட்டுத் தலைநகரமான அம்மானுக்கு வரவிடாம தடுக்க நான் சொல்லாத பொய் பாக்கி இல்லை.

"பரீட்சை நேரம் வாப்பா." "வெயில் மண்டையைப் பொளக்குது வாப்பா." "ஹாஸ்டல்ல ஆம்பிளைங்களை உள்ளே விட மாட்டாங்க வாப்பா."

கடைசியா சொன்னது மட்டும் நிஜம்.

"அதுக்கென்ன மவளே, வாசல்லயே பார்த்துட்டுத் திரும்பிர்றேன்"னுட்டாரு மனுஷன்.

விஷயம் இதுதான். என் பேரு வத்ஹா. தெக்கே கரக்ங்கிற ஊருக்குப் பக்கத்து ஆட்டுக்காரர் மக. எங்க ஊர்ல ஒருத்தர் 'கஹ்வா'ன்னு கேட்டா, மலைக்கு அந்தப் பக்கம் மேயுற ஆடு திரும்பிப் பார்க்கும். அம்மான் பொண்ணுங்க அந்த முதல் எழுத்தைத் தொண்டையிலேயே விழுங்கிட்டு, வலிக்காம 'அஹ்வே'ம்பாங்க. ரெண்டும் ஒரே காபிதான். ஆனா காலேஜ் கேன்டீன்ல 'கஹ்வா' கேட்டவளுக்கு எந்த மேசையிலயும் இடம் கிடைக்காது.

முதல் வாரமே எனக்கு அது புரிஞ்சு போச்சு. கண்ணாடி முன்னால நின்னு விழுங்கிப் பழகினேன். விழுங்கின வேகத்துல லுஜைனும் ஸெரீனும் கூட்டாளி ஆயிட்டாங்க. ரெண்டு பேருமே அசல் அம்மான். "உங்க அப்பா என்ன பண்றாங்க?"ன்னு லுஜைன் கேட்டப்போ "கால்நடைத் துறை"ன்னேன். முழுப் பொய்னு யாரும் சொல்ல முடியாது.

இப்ப அந்தத் துறையே நேர்ல வந்து நிக்குது. சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணி, முறுக்கு மீசை, ஒரு கையில நெய் டின், இன்னொரு கையில காய்ஞ்ச தயிர்க்கட்டி மூட்டை. பக்கத்துல லுஜைன், ஸெரீன். எவ்வளவோ சொல்லியும், "உங்க அப்பாவுக்கு சலாம் சொல்லாமலா?"ன்னு கூடவே வந்துட்டாங்க.

வாப்பா வாயைத் திறந்தாரு. போச்சு, மானம் கப்பலேறப் போகுதுன்னு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன்.

"நல்லா இருக்கீங்களா கண்ணுங்களா? வாங்க, முதல்ல ஒரு அஹ்வே சாப்பிடலாம்."

யாருடா அதுன்னு கண்ணைத் திறந்தேன். வாப்பாதான்! அந்த மீசைக்குள்ள இருந்து லுஜைனோட அம்மா மாதிரி ஒரு குரல்.

எங்க பக்கம் ஒரு ஆம்பிளை இப்படிப் பேசினா ஆயுசுக்கும் கிண்டல்தான். அம்மான் பசங்களே மீசை முளைச்சதும் அந்தப் பேச்சை உதறிட்டு, எங்க ஊர் ஆளுங்க மாதிரி பேச ஆரம்பிச்சிடுவானுங்க. எழுத்தை விழுங்கறது பொம்பளைப் பேச்சாம்.

எதிர்த்தாப்புல இருந்த இனிப்புக் கடையில உட்கார்ந்தோம். பொண்ணுங்களை வெறும் வயித்தோட அனுப்பினா வாப்பாவுக்குத் தூக்கம் வராது.

"தம்பி, நாலு தட்டு உனாஃபா கொண்டாங்க!"ன்னு கடைப் பையனைக் கூப்பிட்டாரு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அடக் கொடுமையே, அந்த இனிப்போட பேரு குனாஃபா! அரபியில கஹ்வாவோட 'க' வேற எழுத்து, இந்த 'கு' வேற எழுத்து. அதை அம்மான்ல பிறந்த பச்சைப் புள்ளைகூட விழுங்காது.

பக்கத்து மேசைப் பசங்க குபீர்னு சிரிச்சானுங்க. "உனாஃபாவாம்டா! மீசையைப் பாரு, பேச்சைப் பாரு!"

வாப்பாவுக்குக் காதெல்லாம் சிவந்து போச்சு. ஆனாலும் விடலை. அதே குரல்ல "இன்னும் கொஞ்சம் வெச்சுக்கங்க கண்ணு"ன்னு உபசாரம்.

"ரொம்ப நல்லாயிருக்கு மாமா"ன்னாங்க லுஜைனும் ஸெரீனும். முகத்துல ஒரு சிரிப்பு, ஒரு நக்கல்? ம்ஹும்.

எனக்குத்தான் உள்ளே கொதிச்சுது. நான் வேஷம் போடறதைப் பழிச்சுக் காட்டவே இவ்வளவு தூரம் வந்திருக்காருன்னு ஆத்திரம். "நாங்க காலேஜ் வாசல்ல நிக்கறோம், நீ மாமாவை பஸ் ஏத்திட்டு வா"ன்னு அவங்க நகர்ந்ததும் வாப்பாவைப் பிடிச்சுக்கிட்டேன்.

"என்னைக் கேலி பண்ணத்தான் வந்தீங்களா வாப்பா?"

"கேலியா? நானா?"

"பின்னே எதுக்கு அந்தப் பேச்சு? பக்கத்துல பசங்க சிரிச்சது காதுல விழலையா?"

"விழுந்துச்சு மவளே." வாப்பா தலைத்துணியைச் சரி பண்ணிக்கிட்டாரு. "நீ போன்ல பேசறப்போ யாராச்சும் பக்கத்துல வந்தா பேச்சை மாத்திருவே. 'நம்ம பேச்சு புள்ளைக்கு அங்க சங்கடம் போல'ன்னு உங்க உம்மா சொன்னா. என்னால நீ தலைகுனியக் கூடாதுல்ல? அதான் ஆடுங்ககிட்டப் பேசிப் பேசிப் பழகினேன். அதுங்க ஒண்ணும் சிரிக்கலை."

எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. நான் ஒரு மனுஷியா! ஆனா பாருங்க, அழுதுக்கிட்டே திருத்தற புத்தி மட்டும் போகலை.

"அதுக்காக 'உனாஃபா'வா வாப்பா? அதை எவனும் அப்படிச் சொல்ல மாட்டான். ஏதோ அவளுங்க நாகரிகம் தெரிஞ்சவளுங்க, அதனால சிரிக்காம இருந்தாளுங்க."

வாப்பா திருதிருன்னு முழிச்சாரு.

"அப்படியா? நீ கேன்டீன்ல இருந்து பேசறப்போ 'ஒரு தட்டு உனாஃபா'ன்னு கடைக்காரன்கிட்டச் சொல்லுவியே, அது எனக்கு நல்லா கேட்கும். உன்னை வெச்சுத்தானே கத்துக்கிட்டேன்!"

பஸ் கிளம்பிப் போயிடுச்சு. ஒரு வருஷமா எனக்கே தெரியாம என் வாயில வந்த 'உனாஃபா'வைத் தினமும் கேட்டும், ஒரு தடவைகூடச் சிரிக்காத ரெண்டு பொண்ணுங்க காலேஜ் வாசல்ல எனக்காகக் காத்துக்கிட்டு நின்னாங்க.